கைக்கு என்ன விலை?

தமிழிலே ஓரெழுத்தாய் நின்று பொருள் தரும் சொற்கள் நாற்பத்திரண்டு என்று நன்னூலார் கணக்கிட்டு வைத்தார். அவற்றுள் 'கை' என்பதும் ஒன்று. அளவிற் சிறிய அச்சொல்லை நம்மவர் எத்தனை இடங்களிலே ஆண்டிருக்கின்றனர்! உதவினால் கைகொடுத்தோம் என்கிறோம். உதவாதொழிந்தால் கைவிட்டோம் என்கிறோம். கடன் வாங்கினால் கைமாற்று, இலஞ்சம் வாங்கினால் கையூட்டு. எல்லாம் இழந்து நிற்பவனைப் புலவர்கள் கையறு நிலையில் நிறுத்தினார்கள். (அங்கே கை என்பதற்கு ஒழுக்கம் என்று உரை கண்டாரும் உளர். அந்த வழக்குக்குள் இன்று நாம் புகவில்லை.) நமது மலைநாட்டுத் தோட்டங்களிலே இன்னொரு சொல் உண்டு: கைக்காசு. நாட்கூலிக்கு வேண்டிய அளவுக்கு மேலாகவோ, ஓய்வு நாளிலோ பறிக்கும் கொழுந்துக்கு நிறுவைப்படி கிடைக்கும் பணத்துக்கு அப்பெயர். கையை நம்பிப் பிறந்த காசு. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

அந்தக் கை ஓய்ந்த ஓர் அம்மையார் சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். கல்லூரியிலே படிப்பிப்பவர் வீடு என்றால் விண்ணப்பம் எழுதித் தரும் வீடு என்று கண்டிச் சுற்றுவட்டாரத்தில் ஒரு நம்பிக்கை நெடுநாளாக இருந்து வருகிறது. பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலே பெயர்ப்பிழை, ஊழியர் சேமலாப நிதியிலே இலக்கப்பிழை என்று மாதத்துக்கு இருவர் மூவராவது வருவார்கள். இவர் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து முதற் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்தவர். ஐம்பத்தாறு வயது. பதினாறாவது வயதிலே கூடை சுமக்கத் தொடங்கியவர். மகன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவன் கையிலே ஒரு கடித உறை இருந்தது.

"ஐயா, இந்தக் கடுதாசியில என்ன சொல்லியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க," என்றார்.

கடிதம் நான்கே வரி. அவருடைய மணிக்கட்டு நோய் வேலையினால் உண்டானது என்று நிறுவப்படவில்லை. ஆதலால் நட்டஈடு கொடுப்பதற்கில்லை. அவ்வளவுதான். அதை வாசித்துச் சொன்னபோது அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை. வலக்கையை நம் முன்னே நீட்டி, "அப்ப இது எதனால வந்துச்சாம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கையைப் பார்த்தோம். பெருவிரலின் அடியிலே நம் எல்லோருக்கும் ஒரு சதைமேடு உண்டு. கைரேகை பார்ப்பவர்கள் அதைச் சுக்கிரமேடு என்பார்கள். அவருக்கு அந்த இடத்திலே மேடு இல்லை, பள்ளம் இருந்தது.

இந்நோயின் இயல்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் வீட்டுப் பெண்மக்களிலும் பலருக்கு இது உண்டு. 'வாதம்' என்றோ 'இரத்தம் ஓடவில்லை' என்றோ சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார்கள். மணிக்கட்டிலே எட்டுச் சிற்றெலும்புகள் ஒரு வளைந்த ஓடுபோல் அமைந்திருக்கின்றன. அந்த ஓட்டின் மேலே ஒரு தடித்த நார்ப்பட்டை குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய சுரங்கத்தின் வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நடு நரம்பு என்னும் ஒரே நரம்பும் போகின்றன. பத்துப் பேர் நெருங்கிச் செல்லும் ஒற்றையடிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓயாத வேலையினாலே நாண்களின் உறை வீங்கினால், பத்துப் பேரில் மென்மையான ஒருவன்தான் நசுங்குவான். அவன் அந்த நரம்பு. நரம்பு நசுங்கவே, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவை மரத்துப் போகின்றன. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு உண்டாதலால் அது தப்பிவிடுகிறது. நள்ளிரவிலே எரிவும் மதமதப்பும் எழுப்பிவிடும். எழுந்து கையை உதறினால் சற்றுத் தணியும். நாளாக ஆக, பெருவிரலடிச் சதை கரையும். இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டுகளை ஒரு நிமிட நேரம் கீழ்நோக்கி மடக்கி வைத்தால் மரப்புத் தோன்றுகிறதா என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் பேலன் என்பவர் பெயரால் அச்சோதனை வழங்குகிறது. நரம்பிலே மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் பரிசோதனை அதனினும் உறுதியானது.

மணிக்கட்டு நோய்களில் இது ஒன்றே அன்று. பெருவிரலைத் தூக்கும் நாண்கள் உறைக்குள் இறுகி, பிள்ளையைத் தூக்கினாலும் துணியைப் பிழிந்தாலும் மின்னல் வெட்டுப்போல் வலிப்பது இன்னொன்று. சுவிற்சர்லாந்து வைத்தியர் டி குவெர்வேன் 1895இல் அதனை விவரித்தார்.

இவை வேலையினால் வருமா? இதுதான் கடிதத்தின் உள்ளே இருந்த கேள்வி. பழைய கேள்விதான். இத்தாலி தேசத்து வைத்தியர் இரமாசினி என்பவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். 1713இல் அதனை விரித்தெழுதியபோது எழுத்தர்களின் கை சோர்ந்து போவதைப் பற்றியும் சேர்த்துக்கொண்டார். நோயாளியைக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று வைத்தியர்களுக்குப் புத்தி சொன்னவரும் அவரே. சர்வதேசத் தொழில் தாபனம் 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலிலே மணிக்கட்டுச் சுரங்க நோய் வெளிப்படையாகவே இடம்பெற்றிருக்கிறது. வலிமையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைத்து வைக்கும் நிலை ஆகியவை அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டிருக்கின்றன. டி குவெர்வேன் கண்ட நோயும் அப்பட்டியலில் உண்டு.

கொழுந்து பறித்தலை அருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? அட்டைப் படத்திலே சிரிக்கும் பெண்ணைச் சொல்லவில்லை. மலைச்சரிவிலே ஒரு காலைத் தாழ ஊன்றி, இரு கைகளும் ஒரே வேளையில் செடியின்மேல் ஓட, இரண்டிலையும் ஒரு மொட்டுமாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கிள்ளி, கை நிறைந்ததும் மணிக்கட்டைப் பின்னே மடக்கித் தலைக்கு மேலாகக் கூடைக்குள் எறிய வேண்டும். ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாகவே கொண்டாலும், நாட்கூலிக்குப் பதினெட்டுக் கிலோ நிறுத்துக் கொடுக்கும் தோட்டத்திலே பதினெண்ணாயிரம் கிள்ளு ஆகிறது. நிறுவை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர். நாற்பது ஆண்டுகளை இந்தக் கணக்கோடு பெருக்கும் வேலையை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். இந்நோய் தொழிலாளருக்கு மட்டும் வருவதன்று. நீரிழிவு, கேடயச் சுரப்பிக் குறை, முடக்குவாதம், கருப்பகாலம் இவற்றாலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக வரும். கொழுந்து பறிப்பவளே வீட்டிலும் துணி தோய்க்கிறாள், தேங்காய் துருவுகிறாள், விறகு பிளக்கிறாள். 'உன் நோய்க்கு மூலம் மலையா, அடுப்பங்கரையா?' என்று கேட்கின்றவனை முழுமூடன் என்று தள்ளிவிட முடியாது. விரல் அறுந்தால் இரத்தமே சாட்சி சொல்லும். நரம்பு நசுங்கினால் சாட்சியைத் தேடிப் போகவேண்டும். அந்தத் தேடலை எழுதப் படிக்க நேரமில்லாத ஒரு பெண்ணின் தலையிலே முழுவதும் சுமத்திவிடுவதுதான் நமக்கு உறுத்துகிறது.

விரலுக்கு விலைப்பட்டியல்

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமாகும். அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் 1923இல் இத்தகைய சட்டம் இயற்றப்பட்டிருந்தது. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்துக்கு எசமானர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான அடிப்படை. அதற்கு முன்பெல்லாம் எசமானரின் குற்றத்தைத் தொழிலாளி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. யந்திரத்தின் முன்னே விரலை இழந்தவன் நியாயவாதிக்குப் பணம் தேடி அலையும் காட்சியை நினைத்துப் பார்த்தால், புதுச் சட்டம் எத்துணைப் பெரிய மாற்றம் என்பது விளங்கும். குற்றம் யாருடையது என்ற கேள்வி பின்னுக்குப் போய், காயம் எவ்வளவு என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

காயத்தை அளப்பதற்கு ஓர் அட்டவணை வேண்டுமல்லவா? 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் முதலில் வகுத்த அட்டவணை வாசிக்கத் தக்கது. பெருவிரல் போனால் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 25 போயிற்று. சுட்டுவிரலுக்கு 10. மற்ற எந்த விரலுக்கும் 5. முழங்கைக்குக் கீழே வலக்கை போனால் 60. இடக்கை போனால் 50. துரோணர் கேட்டவுடன் ஏகலைவன் அறுத்துக் கொடுத்த வலக்கைப் பெருவிரல் இந்த அட்டவணைப்படி நூற்றுக்கு 25தான்! அவனுடைய வில்வித்தையிலே எஞ்சியது எவ்வளவு என்பதை நாம் அறிவோம். தவறுதலாகக் கதவைத் தட்டிய தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பாண்டியனுக்குப் பொற்கை கிடைத்ததாகப் பழங்கதை கூறுகிறது. அவன் அரசன், அட்டவணைக்கு வெளியே நின்றவன்.

இந்திய அட்டவணை பிற்காலத்திலே திருத்தப்பட்டது. பெருவிரல் 30 ஆகியது. சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒவ்வொன்றும் 7 என்று கணுக்கணுவாய்ப் பிரித்தனர். ஒரு கையில் இரு விரல்கள் சேர்ந்து போனால் 20. இலங்கையிலும் கொடுக்கத்தக்க தொகையின் உச்சவரம்பு காலந்தோறும் உயர்ந்து வந்திருக்கிறது. 2005இல் ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரம் ரூபாவாகவும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இருபது இலட்சம் ரூபாவாகவும் ஆயிற்று. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்களையும் அந்தத் திருத்தம் உள்ளே சேர்த்தது. மலைப்பாதையிலே லொறியில் ஏற்றிச் செல்லப்படும் பெண்களை நினைத்தால் இதன் அருமை தெரியும். ஆனால் உச்சவரம்பு வேறு, கைக்கு வந்து சேரும் பணம் வேறு. சம்பளமும் வீதமும் சேர்ந்தே தொகையைத் தீர்மானிக்கின்றன. சிறு சம்பளக்காரியின் சுண்டுவிரலுக்கு இருபது இலட்சம் என்று எவரும் மயங்கிவிடலாகாது.

அந்தானையிலே ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. 1925இல் எழுந்த கட்டடம். 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. கண்டியிலிருந்து சில மைல் தூரந்தான். மாணவர்களை அழைத்துக்கொண்டு நாம் ஓரிரு முறை போயிருக்கிறோம். எண்ணெய் பூசித் துடைத்து வைத்த உருளைப் பொறிகளைச் சுற்றிப் பிள்ளைகள் படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லூல்கந்துரைத் தோட்டத்திலே 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலருடைய நினைவுப் பொருள்களும் அங்கே உள்ளன. அவர் காலத்து முதற் 'தொழிற்சாலை' அவருடைய பங்களாவின் விறாந்தைதான். மேசைமேல் கொழுந்தைக் கொட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் கையாலேயே உருட்டித் திரித்தார்கள். பிறகு 1872இல் டெயிலர் ஓர் உருட்டுப் பொறியை அமைத்தார். முதலிலே தோலுரிந்தது கை. பொறி வந்தபின் சிக்கிக்கொண்டதும் கை. டெயிலர் 1892இல் இறந்தபோது அவருடைய பெரிய உடலைத் தொழிலாளர்கள் முறைமாற்றித் தோள்கொடுத்துக் கண்டி மஹியாவை மயானத்துக்குச் சுமந்து வந்தார்கள். அவருக்குக் கல்லறை இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்குமில்லை.

நமக்குத் தெரிந்த ஒருவர் தேயிலை 'ஸ்டோரிலே' வேலை செய்தவர். ரோட்டர்வேன் என்னும் அரைபொறியின் வாயிலே கொழுந்து அடைத்துக்கொண்டபோது கையால் தள்ளினார். இடக்கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே போய்விட்டன. ஆஸ்பத்திரியிலே இருக்கும்போதே ஒரு தாளில் ஒப்பம் வாங்கிக்கொண்டார்கள். அவர் வாசிக்க அறியாத மொழியில் இருந்த அத்தாளிலே, பொறியின் வாய்க்கு இட்டிருந்த காப்புக் கம்பியை அவர் வேண்டுமென்றே கழற்றினார் என்று எழுதியிருந்தது. இது சிறு விஷயமன்று. குடிவெறியில் இருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காப்பு உபகரணத்தை வேண்டுமென்றே அகற்றியது ஆகியவை நட்டஈட்டை மறுப்பதற்குச் சட்டம் இடங்கொடுக்கும் காரணங்கள். இரவுப் பணியிலே உடனிருந்த ஒரு கிழவர், அந்தக் கம்பி ஒரு கிழமைக்கு முன்பே கழன்று மூலையிலே கிடந்தது என்று விசாரணையிலே வந்து சொன்னார். தமக்கு வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்னார். அவர் வாயால் நட்டஈடு கிடைத்தது.

ஆனால் கிடைத்த வீதம் மிகக் குறைவு என்று நம்மவருக்கு மனக்குறை. மேன்முறையீடு செய்யலாமா என்று ஒரு நியாயவாதி நண்பரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கூறிய விளக்கம் பலருக்கும் பயன்படும். ஆணையாளரின் தீர்ப்பின்மேல் மேலே போகலாம். ஆனால் சட்டத்தைப் பற்றிய கேள்வி இருந்தால்தான் அங்கே காது கேட்கும். விரல் எவ்வளவு மடங்குகிறது, வலி எவ்வளவு என்பன சட்டக் கேள்விகள் அல்ல. அவை முதல் விசாரணையிலேயே முடிந்துபோன சங்கதிகள். இந்தியச் சட்டத்திலும் உயர் நீதிமன்றத்துக்குப் போக முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்று வேண்டும். ஆகவே கையைப் பற்றிய வழக்கிலே உண்மையான போர்க்களம் முதல் விசாரணைதான். அங்கே வைத்தியச் சான்று சொட்டையாய் இருந்தால், பிறகு எந்த உயர்ந்த மாடிக்கு ஏறினாலும் அதனைச் செப்பனிட முடியாது.

படைவீரரின் கை

கையின்மீது ஐயங்கொள்ளும் வழக்கம் தொழிற்சாலையோடு நிற்பதில்லை. முதல் உலக யுத்தத்திலே 1914ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களுள் பலர் கையிலே குண்டுபட்டு வந்தார்கள். போர்முனையிலிருந்து தப்புவதற்காகத் தாமே சுட்டுக்கொண்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. இங்கிலாந்திலே பிரைட்டன் நகரத்துக் கிச்சனர் இந்திய ஆஸ்பத்திரியின் தலைவராயிருந்த கேணல் புரூஸ் சீற்றன் என்பவர் ஆயிரம் காயங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1915இல் ஓர் அறிக்கை எழுதினார். அந்தப் பேச்சுக்கு ஆதாரமில்லை என்பதே அவர் கண்ட முடிவு. பதுங்கு குழியிலே நின்று துப்பாக்கியை நீட்டுபவனுக்கு முதலில் வெளியே தெரிவது அவன் கைதானே! பேசினவர்களுக்கு அது தோன்றவில்லை. எண்ணிப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

அம்மையாரோடு நாமும் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நரம்புப் பரிசோதனைக்குத் திகதி வாங்கும் வரிசை நீளமானது. நமக்குப் பக்கத்து வாங்கிலே ஒரு சிங்கள இளைஞர் இருந்தார். இளைஞர் என்றாலும் நாற்பதைக் கடந்திருப்பார். படையிலே இருந்தவர். வெடியிலே சிதைந்த மணிக்கட்டைச் சத்திரசிகிச்சையிலே அசையாதபடி இறுக்கிவிட்டார்கள். அவருக்குத் தமிழ் அரைகுறை. அம்மையாருக்குச் சிங்களம் நன்றாகவே வரும். இருவரும் கைகளைப் பக்கத்திலே வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "ராவுல தூங்க ஏலுமா?" என்று இவர் கேட்டார். "நித்திரை இல்லை அம்மா," என்றார் அவர். அதற்கப்புறம் நம்முடைய மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அந்த மனிதரைப் பார்த்தபின்புதான் பிற நாடுகளிலே படைவீரர்களின் கையை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று தேடி வாசித்தோம். அமெரிக்காவின் முறை மிக நுணுக்கமானது. மணிக்கட்டு முற்றாக இறுகிப்போய், ஆனால் பயன்படத்தக்க கோணத்திலே நின்றால், பழகிய கைக்கு நூற்றுக்கு 30, மற்றக் கைக்கு 20. உள்ளங்கைப் பக்கம் மடங்கியபடி இறுகிவிட்டால் 50, 40. இறுகாமல் அசைவு மட்டும் குறைந்தால் எந்தக் கையாயினும் 10க்கு மேல் இல்லை. ஆகவே அசைவின் அளவைக் காட்டி 10 வாங்கியவர்கள், நரம்பின் பெயரால் மேன்முறையீடு செய்கிறார்கள். நடு நரம்பு பழகிய கையிலே சிறிது பழுதுற்றால் 10, நடுத்தரமாயின் 30, கடுமையாயின் 50, முற்றாகச் செயலற்றால் 70 என்று அங்கே வேறு படிகள் உள்ளன. 2019 பெப்ரவரி 19 முதல், தீர்ப்பிலே திருப்தியில்லாதவர் புதிய சான்றோடு மறுபடி கேட்கலாம். உயர்ந்த அதிகாரி ஒருவரை அதே சான்றுகளை மீளப் பார்க்கச் சொல்லலாம். அல்லது மேன்முறையீட்டு மன்றத்துக்கு நேரே போகலாம். ஒரு வருடத்துக்குள் இம்மூன்றில் ஒன்றைத் தெரிந்தால் போதும். சான்றுகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாய் நின்றால் ஐயத்தின் பயன் கேட்டவருக்கே என்பது அந்நாட்டுச் சட்டம்.

அந்த முறையிலும் குறைகள் பல என்று அங்குள்ளவர்களே சொல்கிறார்கள். இருந்தாலும் அதிலே இரு செய்திகள் நம் மனத்தைக் கவர்ந்தன. ஒன்று, ஐயத்தின் பயன். மற்றொன்று, 'வலக்கை' என்று சொல்லாமல் 'பழகிய கை' என்று சொன்னது. பழைய இந்திய அட்டவணையை எழுதியவருக்கு இடக்கைக்காரன் என்ற ஒருவன் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்க விதியோ, இரு கையும் சமமாய்ப் பழகியவனுக்கு எந்தக் கையில் அடிபட்டதோ அதுவே பழகிய கை என்று கொள்கிறது. கொழுந்து பறிப்பவள் அப்படிப்பட்டவள் அல்லவா? அவளுக்கு இடக்கை என்று ஒன்று உண்டா? இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். ஒன்று பின்தங்கினால் நிறுவைத் தராசிலே தெரிந்துவிடும். இதனை நம் நாட்டிலே அட்டவணை திருத்தும் பெரியோர்கள் ஒருநாள் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அம்மையாரின் காரியத்துக்கு வருவோம். முதல் விண்ணப்பத்திலே என்ன எழுதியிருந்தது என்று வாங்கிப் பார்த்தோம். 'கை வலி, வேலை செய்ய முடியாது' என்று ஒரே வரி. யாரோ அவசரத்திலே எழுதிக் கொடுத்தது. வைத்தியரின் துண்டிலும் தொழில் என்ற இடம் வெறுமையாய் இருந்தது. அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முன் இரமாசினி சொன்ன புத்தி கலஹா வரையில் வந்து சேரவில்லை போலும்.

ஆகவே இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவரை எதிரே இருத்தி வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினோம். எந்த வருடம் முதலில் மரத்தது? எந்த மாதத்திலே கூடுதல்? மழைக்குப் பின் கொழுந்து அள்ளிச் சொரியும் மாதங்களில் என்றார். கவ்வாத்து முடிந்து செடி வெறிச்சென்றிருக்கும் காலத்திலே தணிவு என்றார். இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்! யாரிடம் முதலில் சொன்னீர்கள்? கங்காணியிடம். தோட்டத்து மருந்துக் கொட்டிலிலே என்ன கொடுத்தார்கள்? வெள்ளைக் குளிசை. அந்தத் துண்டுகள் உண்டா? உண்டு, சாமிப்பட்டத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், பதினோரு துண்டுகள். நீரிழிவு இல்லை என்று காட்டும் இரத்தப் பரிசோதனையும் அவற்றுள் இருந்தது. அடுப்பங்கரைக் காரணத்துக்கு அது முழுப் பதிலாகாது. ஆனால் ஒரு வாயிலையாவது அடைக்கும். சம்பளத் துண்டுகளும் இருந்தன. நான்கு ஆண்டுகளாக நிறுவை எப்படிப் படிப்படியாக இறங்கிற்று, முழுப்பேர் எப்படி அரைப்பேராயிற்று, கைக்காசு எந்த மாதத்தோடு நின்றது என்பதெல்லாம் அவற்றிலே அச்சடித்திருந்தது.

"கையால இப்ப என்ன செய்ய ஏலாது, அதைச் சொல்லுங்க அம்மா," என்றோம்.

நெடுநேரம் யோசித்தார். ரவிக்கைக்கு ஊக்கு மாட்ட முடியவில்லை, மருமகள்தான் மாட்டிவிடுகிறாள். தேத்தண்ணிக் கோப்பையை இரு கையாலும் பிடிக்கவேண்டும். அடுப்பிலே சட்டி சுடுவது விரலுக்குத் தெரிவதில்லை. தோல் கருகிய மணத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறார். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே விபூதி வாங்கினால் விரலிடுக்கால் சிந்திப்போகிறது. இதைச் சொன்னபோது மட்டும் அவருக்குக் குரல் கம்மிற்று. எல்லாவற்றையும் எழுதினோம். விபூதியை எழுதுவதா விடுவதா என்று சற்றுத் தயங்கி, அதையும் எழுதினோம்.

இத்தகைய காரியங்களிலே நம் வாசகர்கள் யாருக்கேனும் உதவ நேர்ந்தால் இவ்வளவையும் மனத்திலே கொள்க. விபத்தாயின் அன்றைக்கே எழுத்திலே அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசித்துப் புரியாத தாளிலே ஒப்பமிட வேண்டாம் என்று சொல்லுங்கள். வைத்தியரிடம் நோயை மட்டும் சொல்லாமல் தொழிலையும் சொல்லி, அதனைத் துண்டிலே எழுதச் செய்யுங்கள். காலக்கெடு உண்டு, தாண்டிவிட்டாலும் தக்க காரணம் காட்டினால் ஏற்கும் அதிகாரம் ஆணையாளருக்கு உண்டு என்பதால் முயலாமல் விட்டுவிடலாகாது. தோட்டத்துத் தலைவர்களையும் தொழிற்சங்கத்தாரையும் நெருங்கிக் கேளுங்கள். சந்தாப் பணம் மாதந்தோறும் போகிறதல்லவா?

எழுதி முடித்த தாளை அவர் முன்னே வைத்தோம். பெருவிரல் அடையாளம் போதும் என்றோம். மகன் சற்றே பெருமையோடு, "அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியும்," என்றான். பேனாவை எடுத்தார். அது விரலிடுக்கிலிருந்து நழுவி மேசையின்மேல் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார். கால்மணி நேரம் ஆயிற்று. நாம் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

விசாரணைக்கு வரும் மாதம் 14ஆம் திகதி குறித்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு. அவர் முதற் பஸ்ஸிலே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பதினோரு துண்டுகளையும் நம் வீட்டு அலமாரியிலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.